பைப் மீட்டர் 200ன்னு காட்டுது, ஆனா ஸ்டவ் மேல பெயின்ட் வெளுத்துப்போச்சு, எதை நம்புறது?

கேள்வி: கனடாவுல, ஒன்டாரியோ பீட்டர்பரோவுக்கு வடக்க இருக்கோம். போன ஆகஸ்ட்ல தான் பிராம்ப்டன்ல இருந்து இங்க வீடு வாங்கி வந்தோம். வீட்டோட ஒரு வுட் ஸ்டவ்வும் (வீட்டை சூடாக்குற விறகு அடுப்பு) வந்துச்சு, எங்களுக்கு இது மொத குளிர்காலம். அதோட புகை பைப்புல ஒட்டுற காந்த தெர்மாமீட்டர் வாங்கி ஒட்டியிருக்கேன். 250ல இருந்து 475 வரைக்கும் நல்ல ஜோன்னு அதுல போட்டிருக்கு, ஆனா முள்ளு 200 தாண்டவே மாட்டேங்குது. முள்ளை ஏத்தணும்னு வீட்டுக்காரர் காத்தை முழுசா திறந்து விடுறார், சில நாள் அடியில இருக்குற சாம்பல் கதவையும் லேசா திறந்து வெக்கிறார். போன வாரம் ரொம்ப குளிரான ஒரு ராத்திரி பெயின்ட் கருகுற வாசனை வந்துச்சு, காலையில பாத்தா ஸ்டவ் மேல்பக்கம் ஒரு தட்டு அளவுக்கு வெளுத்திருக்கு. அப்பவும் மீட்டர் 220 தான். ஊர்ல இருந்து வந்திருக்குற அம்மா காத்தை அடைச்சிட்டு படுங்கடான்னு திட்டுறாங்க. மீட்டர் ரிப்பேரா? எந்த நம்பர்ல வெக்கணும்? போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்: சகோதரி, வீட்டை சூடாக்க ப்ரொப்பேன் கேஸ் ஃபர்னஸும் இருக்குன்னு கடிதத்துல ஒரு ஓரமா எழுதியிருக்கீங்கல்ல, ரெண்டு மூணு நாளைக்கு அதை ஓட்டுங்க. ஸ்டவ்வை இப்போதைக்கு பத்த வெக்காதீங்க. பயமுறுத்தறதுக்காக சொல்லல, உங்க போட்டோவைப் பாத்துட்டு சொல்றேன்.

உங்க மீட்டர் ரிப்பேர் இல்ல. அது ஒட்டியிருக்குற இடம் தான் தப்பு. போட்டோவுல பைப்புக்கும் பின்னாடி செவுத்துக்கும் நடுவுல ஒரு சாண் தான் இருக்கு. ஒத்தை தகடு பைப்பா இருந்தா செவுத்துல இருந்து 18 இஞ்ச், அதாவது நம்ம கணக்குல ஒரு முழம் தள்ளி இருக்கணும். ரெட்டை தகடு பைப்புக்கு 6 இஞ்ச் போதும். உங்க வீட்டுல சாண் தூரத்துல வெச்சிருக்காங்க, நடுவுல ஷீல்டு எதுவும் தெரியல, அதனால அது அநேகமா ரெட்டை தகடு பைப். உறுதி பண்றது ரொம்ப சுலபம், தைக்கிற டேப் எடுத்து பைப்பைச் சுத்தி அளங்க. 6 இஞ்ச் ஒத்தை பைப்புன்னா சுத்தளவு 48 சென்டிமீட்டர் சுமாரா வரும், 52, 55ன்னு வந்தா அது ரெட்டை. (ஒத்தை தகடுன்னு வந்துச்சுன்னா அது வேற பிரச்சனை, செவுத்துக்கு இவ்ளோ பக்கத்துல அதை வெச்சதே தப்பு, ஆள் கூப்பிட்டு மாத்தாம பத்தவே வெக்கக்கூடாது.)

ரெட்டை பைப்னா உள்ள ஒரு குழாய், வெளிய ஒரு குழாய், நடுவுல காத்து. வெளித்தகடு சூடாகாம இருக்கணும்ங்கிறதுக்காகவே செஞ்சது அது, பிளாஸ்க் மாதிரின்னு வெச்சுக்கோங்க. பிளாஸ்க்குக்கு வெளிய கைய வெச்சுப் பாத்துட்டு உள்ள காப்பி ஆறிப்போச்சுன்னு சொன்னா எப்படி இருக்கும், அதைத் தான் உங்க மீட்டர் மூணு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கு. நீங்களும் அதை நம்பி அடுப்பு ஆறிக் கிடக்குதுன்னு மேல மேல ஊதிவிட்டிருக்கீங்க. உள்ள எவ்ளோ இருந்திருக்கும்னு அந்த 220ஐ வெச்சு கணக்கு போடவே முடியாது. 500ஆவும் இருக்கலாம், 1000ஆவும் இருக்கலாம். (நான் சொல்ற நம்பர் எல்லாம் ஃபாரன்ஹீட், இங்க விக்கிற ஸ்டவ் மீட்டர் பெரும்பாலும் அதுல தான் இருக்கு. செல்சியஸ்னா செல்சியஸ்னு சொல்றேன்.)

மத்த சாட்சி எல்லாம் என்ன சொல்லுது பாருங்க. போட்டோவுல ஸ்டவ் கதவுக் கண்ணாடி பளிச்சுனு இருக்கு, உண்மையிலேயே ஆறிப்போய் எரிஞ்ச அடுப்புன்னா கண்ணாடி ஓரத்துல இருந்து கருப்பா ஏறியிருக்கும். பெயின்ட் வெளுத்திருக்கு, ஸ்டவ் பெயின்ட் சாதாரணமா 1200 வரைக்கும் தாங்குற மாதிரி செய்யுறது, அது சாம்பல் கலருக்குப் போகுதுன்னா அந்த இடம் வாங்கக்கூடாத சூட்டை வாங்கிடுச்சு. புது ஸ்டவ்வுல மொத ரெண்டு மூணு தடவை பெயின்ட் வாசனை வரும், அது பெயின்ட் இறுகுறது, கவலைப்பட வேண்டியதில்ல. பல வருஷம் ஓடின ஸ்டவ்வுல திரும்ப அந்த வாசனை வந்தா அது வேற கதை. ஆக ஒரு மீட்டர் மட்டும் "ஆறிப்போச்சு"ன்னு சொல்லுது, கண்ணாடி, பெயின்ட், உங்க மூக்கு மூணும் சேந்து "கொதிக்குது"ன்னு சொல்லுது.

வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு தனியா சொல்லணும். அண்ணே, அந்த சாம்பல் கதவை எரியும்போது திறக்காதீங்க, இனிமே ஒரு தடவை கூட வேண்டாம். காத்து மேல இருந்தும் முன்னாடி இருந்தும் வர்ற மாதிரி தான் ஸ்டவ்வை டிசைன் பண்ணியிருப்பாங்க. அடிக்கதவைத் திறந்தா கங்குக்கு நேர் அடியில இருந்து காத்து ஏறும், கொல்லன் பட்டறை துருத்தி தான் அது, இரும்பைக் காய்ச்சி அடிக்கிறதுக்கு அப்படித் தான் ஊதுவாங்க. வாணலி மாதிரி நெளிஞ்ச பாஃபிள் (நெருப்புக்கு மேல கூரையா இருக்குற பலகை), விரிசல் விட்ட வெல்டிங்னு நான் பாத்த ஸ்டவ்வுகள்ல பாதிக்கு மேல இந்தக் கதவு தான் காரணம். அதோட அன்னிக்கு வெளிய மைனஸ் 20 செல்சியஸுக்குக் கீழ இருந்திருக்கும்ல, வெளிய எவ்ளோ குளிரோ சிம்னி அவ்ளோ வேகமா இழுக்கும். அக்டோபர்ல காத்து லீவரை பாதியில வெச்சு சாதுவா எரிஞ்ச அதே அடுப்பு ஜனவரி ராத்திரி அதே பாதி லீவர்ல பேயா எரியும். லீவர் எந்த இடத்துல இருக்குன்னு மட்டும் பழகி வெச்சுக்கிட்டு பிரயோஜனமில்லைன்னு சொல்றது இதனால தான்.

இப்போ ஸ்டவ் ஆறியிருக்கும்போது ஒரு டார்ச் எடுத்துக்கிட்டு உள்ள பாருங்க. மேல கூரை மாதிரி இருக்குற பாஃபிள் பலகை நேரா இருக்கா, உடைஞ்சிருக்கா, அதுக்குக் கீழ குறுக்க ஓடுற ஓட்டை போட்ட குழாய்கள் தொங்கியிருக்கா, மூலையில வெல்டிங் விட்டிருக்கா. எங்கயாவது விரிசல் தெரிஞ்சா ஆள் வந்து பாக்குற வரைக்கும் பத்த வெக்காதீங்க. கதவைச் சுத்தி இருக்குற கேஸ்கெட் கயிறையும் பாருங்க. ஒரு பேப்பர் துண்டை கதவு இடுக்குல வெச்சு மூடி இழுத்தா இறுக்கமா இருக்கணும், சும்மா வழுக்கிக்கிட்டு வந்தா கயிறு போச்சு, அந்த வழியா நீங்க கேக்காத காத்து உள்ள போகும், லீவரை மூடியும் அடங்காது. இந்த டெஸ்ட்டை டாலர் நோட்டு வெச்சு பண்ணுங்கன்னு அமெரிக்காக்காரங்க சொல்லுவாங்க, நம்ம கனடா நோட்டு 2011ல இருந்து பிளாஸ்டிக்கா மாறிடுச்சு, ஸ்டவ் கொஞ்சம் சூடா இருந்தா கூட 20 டாலர் சுருண்டு போயிடும், எனக்கு ஒரு தடவை போயிருக்கு.

சரி, மீட்டருக்கு வரேன். உங்களுக்கு ரெண்டு வேணும். ஒண்ணு ப்ரோப் மீட்டர், நீளமா கம்பி வெச்சது, ரெட்டை பைப்புக்குன்னே கேட்டு வாங்குங்க. ஸ்டவ் மேல்தகட்டுல இருந்து ஒரு முழம் உயரத்துல ரெண்டு தகட்டையும் துளைச்சு கம்பியோட நுனி உள்குழாய் நடுவுல நிக்கிற மாதிரி சொருகணும். துளை போட யோசனையா இருந்தா சிம்னி ஆள் வரும்போது அவரையே போடச் சொல்லுங்க, பத்து நிமிஷ வேலை. இதுல 400ல இருந்து 900 வரைக்கும் வேலை செய்யுற இடம். பத்த வெக்கும்போது 800 வரைக்கும் எட்டிப் பாக்கும், சரி தான், அடங்கி ஓடும்போது 450ல இருந்து 700க்குள்ள இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன். உங்ககிட்ட இருக்குற மீட்டர்ல போட்டிருக்குற 250-475 ஒத்தை பைப்போட வெளித்தகட்டுக்கு, அதுக்குள்ள போற புகை கிட்டத்தட்ட அந்த நம்பரோட ஒன்றரை ரெண்டு மடங்கு இருக்கும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ரெண்டாவது மீட்டருக்குக் காசு செலவு பண்ண வேணாம், இப்ப இருக்குற காந்த மீட்டரையே பைப்புல இருந்து எடுத்து ஸ்டவ் மேல்தகட்டுல வெச்சுக்கோங்க. அங்க வெச்சா அந்த கலர் ஜோனை மறந்துடுங்க, நம்பரை மட்டும் பாருங்க. 400ல இருந்து 650 வரைக்கும் சாதாரணம், 700 தாண்டினா காத்தைக் குறைக்கணும், 800ன்னா ஏதோ தப்பு நடக்குது. இருட்டுல ஏதாவது ஒரு பாகம் மங்கலா செவப்பா தெரிஞ்சா அது 900ஐத் தாண்டிடுச்சு. சில ஸ்டவ்வுக்கு மேல அலங்காரமா இன்னொரு தகடு இருக்கும், அதுல வெச்சா மறுபடியும் பிளாஸ்க் கதை தான், அதனால மேனுவல்ல எங்க வெக்கணும்னு போட்டிருந்தா அதைக் கேளுங்க, உங்க மாடலுக்குன்னு நம்பர் கொடுத்திருந்தா என் நம்பரை விட்டுட்டு அதை எடுத்துக்கோங்க. இந்த காந்த மீட்டருக்குள்ள இருக்குற சுருள் நாளாக நாளாக பொய் சொல்ல ஆரம்பிக்கும். கிச்சன் ஓவனை 400ல வெச்சு உள்ள 20 நிமிஷம் விட்டு எடுத்துப் பாருங்க, 25 இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருந்தா பரவாயில்ல.

ஐஆர் கன் (தொடாம தூரத்துல இருந்தே சூடு பாக்குற துப்பாக்கி மாதிரி மீட்டர்) வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. வாங்குங்க, ஆனா மங்கலான கருப்புத் தகட்டுல மட்டும் அடிச்சுப் பாருங்க, பளபளன்னு இருக்குற உலோகத்துல அது ரொம்ப கம்மியா காட்டும். கண்ணாடி வழியா அடிச்சா நெருப்பை அளக்காது, கண்ணாடியைத் தான் அளக்கும். அப்புறம் அதுல எஃப், சி மாத்துற பட்டன் ஒண்ணு இருக்கும், ஒருத்தர் போன வருஷம் ஸ்டவ் 340 தான் வருதுன்னு பொலம்பினார், போய்ப் பாத்தா செல்சியஸ்ல ஓடிக்கிட்டு இருக்கு, அது 640 ஃபாரன்ஹீட், அருமையா எரிஞ்சுக்கிட்டு இருந்த அடுப்பு.

இப்ப அம்மா சொன்னதுக்கு வரேன். அவங்களுக்குப் பொறி தட்டியிருக்கு, ஏதோ சரியில்லைன்னு மூக்கால கண்டுபுடிச்சிருக்காங்க, அந்த விஷயத்துல மீட்டரை விட அவங்க தான் கரெக்ட். ஆனா காத்தை முழுசா அடைச்சிட்டுப் படுக்குறதும் தப்பு. விறகு காத்தில்லாம கனன்னா புகை எரியாம மேல போகும், சிம்னி உள்பக்கம் 250க்குக் கீழ இருந்தா அந்தப் புகை அங்கயே படிஞ்சு கிரியோசோட் ஆகிடும். மொதல்ல கரி தூள் மாதிரி இருக்கும், அப்புறம் பொறுக்கு, கடைசியில ரோட்டுக்கு ஊத்துற தார் மாதிரி மினுமினுன்னு. நான் இந்த ஸ்டவ், சிம்னி பாக்குற தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுலயே இதைப் பண்ணியிருக்கேன், ஒரு சீசன் பூரா ராத்திரி பத்து மணிக்கு லீவரை அடைச்சிட்டு "காலையில கங்கு இருக்கு பாரு"ன்னு பெருமை பேசிக்கிட்டு இருந்தேன், மார்ச்ல பிரஷ் விட்டா கீழ ஒண்ணுமே விழல, அவ்ளோ சுத்தமான்னு சந்தோஷமா டார்ச் அடிச்சா உள்ள முழுக்க கண்ணாடி மாதிரி தார், பிரஷ் அது மேல வழுக்கிக்கிட்டு போய் வந்திருக்கு.

ராத்திரிக்கு எப்படி விடுறதுன்னா, படுக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிங்க. லீவரை முழுசா திறந்து ஒரு நிமிஷம் கழிச்சு கதவை மெதுவா திறங்க, பட்டுனு திறந்தா புகை மூஞ்சில அடிக்கும். கங்கை எல்லாம் முன்பக்கம் இழுத்து கட்டைகளை நெருக்கமா அடுக்கி கதவை மூடுங்க. கட்டை எல்லாத்துலயும் தீ பிடிச்சு ஓரம் கருக ஆரம்பிக்கிற வரைக்கும், அது 15 நிமிஷமோ 20 நிமிஷமோ, முழு காத்து. ப்ரோப் 500 தொட்டதும் கால்வாசி குறைங்க, அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க, இன்னும் கால்வாசி. இந்த சும்மா நிக்கிறது தான் முக்கியம், ஏன்னா மேல்தகட்டு மீட்டர் நெருப்புக்கு சில நிமிஷம் பின்னாடியே தான் வரும், அதைப் பாத்து ஓட்டினா பஸ்ஸு போனப்புறம் கை காட்டுற மாதிரி. தீயைப் பாருங்க. ஜுவாலை துள்ளாம சோம்பேறியா மேல்பக்கம் உருண்டுக்கிட்டு, குழாய் ஓட்டையில இருந்து கேஸ் அடுப்பு மாதிரி தனித்தனியா எரியுதுன்னா, உள்ள 1100 கிட்ட இருக்கு, புகையே எரிபொருளா மாறிடுச்சுன்னு அர்த்தம். குறைச்சதும் ஜுவாலை செத்து கட்டை புகைஞ்சா அவசரப்பட்டுட்டீங்க, கொஞ்சம் திறங்க. ஒரு தடவை வெளிய போய் சிம்னியைப் பாருங்க, வெள்ளையா வந்து உடனே மறைஞ்சா நீராவி, நீலமா சாம்பலா வந்து இழுத்துக்கிட்டே போனா புகை. இந்த குளிர்ல யாரு வெளிய போறதுன்னு கேப்பீங்க, ஒரு வாரம் போங்க, அப்புறம் தீயைப் பாத்தே தெரிஞ்சிடும்.

விறகு பத்தி நீங்க ஒண்ணும் எழுதல, ஆனா மீட்டர் உண்மையிலேயே ஏறாத வீடுகள்ல பத்துக்கு ஒம்பது விறகு தான் காரணம். புஷ் கார்டு (இங்க விறகு விக்கிற அளவு) கணக்குல "காஞ்ச மேப்பிள்"னு வித்திருப்பாங்க, வெட்டி ஆறு மாசம் கூட ஆகியிருக்காது. பச்சை மேப்பிள் 10 கிலோவுல கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணி இருக்கும், நீங்க அடுப்பு எரிக்கல, தண்ணி காய வெச்சுக்கிட்டு இருக்கீங்க. கட்டை முனையில நுரை தள்ளி உஸ்ஸுனு சத்தம் வந்தா, ஊர்ல ஈர விறகை வெச்சா கண்ணு எரியுமே அதே கதை தான். ஈரம் பாக்குற மீட்டரை கட்டையோட வெளிப்பக்கம் குத்தாதீங்க, ஒரு கட்டையைப் பொளந்து உள்பக்கம் குத்துங்க, 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். ஓக்னா ரெண்டு வருஷம் காயணும். ஆஷ் மரம் கெடைச்சா எடுத்துக்கோங்க, பச்சையிலயே அதுல ஈரம் கம்மி. வின்ட்சர் பக்கம் 2002ல ஆஷ் மரத்தை அரிக்கிற பச்சை வண்டு வந்ததுல இருந்து மாகாணம் பூரா ஆஷ் மரம் செத்து நிக்குது. ஆனா உங்க ஏரியா விறகையே வாங்குங்க, தூரத்துல இருந்து ஏத்திக்கிட்டு வந்தா வண்டும் கூடவே வரும்.

திரும்ப ஒரு நாள் மீட்டர் எகிறினா என்ன பண்றது. லீவரை முழுசா மூடுங்க, சாம்பல் கதவு இறுக்கமா இருக்கான்னு பாருங்க, ஸ்டவ்வுல ஃபேன் இருந்தா முழு வேகத்துல போடுங்க, கதவைத் திறக்காதீங்க. தண்ணி ஊத்தவே கூடாது. நம்ம வீட்டுல தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சு சூடு பாக்குற பழக்கம் இருக்கு, அம்மா பாசமா அதை ஸ்டவ் மேல பண்ணிடப் போறாங்க, வார்ப்பிரும்பா இருந்தா டொப்புனு விரிசல் விடும். இது எல்லாம் பண்ணியும் பைப்புல ரயில் போற மாதிரி இரைச்சல் வந்து பைப் ஆடுச்சுன்னா அது சிம்னிக்குள்ள தீ. காத்தை மூடிட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய வந்து 911 அடிங்க, தானா அடங்கிடும்னு உள்ள நிக்காதீங்க. இங்க போடுற மெட்டல் சிம்னி 650 செல்சியஸ் புகையைத் தொடர்ந்து தாங்குற மாதிரி டெஸ்ட் பண்ணினது தான், ஆனா உள்ள தார் பத்திக்கிட்டா 1100 செல்சியஸ் வரைக்கும் போகும். தீ அணைஞ்சாலும் சிம்னியை சோதிக்காம மறுபடி பத்த வெக்கக்கூடாது.

சிஓ அலாரம் (கார்பன் மோனாக்சைடு விஷ வாயு வந்தா கத்துறது) இருக்கான்னு இன்னிக்கே பாருங்க, விறகு எரிக்கிற வீட்டுல ஒன்டாரியோ சட்டப்படி அது கட்டாயம். படுக்கிற ரூம்களுக்கு வெளிய ஒண்ணு இருக்கணும், அம்மா பேஸ்மென்ட்ல படுக்குறாங்கன்னா அங்கயும் மாட்டுங்க. வீடு வாங்கும்போது வெட் (WETT, விறகு அடுப்பு சோதிக்கிற சான்றிதழ் அமைப்பு) இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் கொடுத்தாங்களான்னு ஃபைல்ல தேடுங்க, இன்ஷூரன்ஸ்காரங்க கேட்டிருப்பாங்க, அதுல பைப் ஒத்தையா ரெட்டையான்னு எழுதியே இருக்கும். ரிப்போர்ட் இல்லைன்னா, இருந்தாலும் கூட, அந்த வெளுத்த தகட்டுக்காக ஒரு வெட் ஆளை ஒரு தடவை கூப்பிட்டுடுங்க. ஏற்கனவே வெளுத்த இடத்துக்கு ஸ்டவ் பெயின்ட் ஸ்ப்ரே கெடைக்கும், தகடு நெளியாம இருந்தா தேச்சு அடிச்சுக்கலாம், அழகுக்குத் தான், அவசரமில்ல.

கடைசியில பின்குறிப்பா, ஸ்டவ் மேல அம்மா ரசம் வெக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. 400க்கு மேல இருக்குற தகட்டுல பாத்திரத்தை நேரா வெச்சா அடி பிடிக்கும், கீழ ஒரு இரும்பு ஸ்டாண்டு போட்டு வெச்சா மெதுவா கொதிக்கும், பொங்கி வழியாத அளவுக்கு பாத்திரம் பெருசா இருக்கணும், காந்த மீட்டரை அதுக்காக ஓரமா தள்ளாதீங்க. டேப் வெச்சு பைப்போட சுத்தளவு எடுத்ததும் அந்த நம்பரையும், பாஃபிளை டார்ச் அடிச்சு எடுத்த போட்டோவையும் அனுப்புங்க, பாத்துட்டு எந்த ப்ரோப் வாங்கணும்னு சொல்றேன்.